எறிந்தது நான் இல்லை

என் நோயின் முதல் அறிகுறிக்குக் கிடைத்தது மருந்து அல்ல, கன்னத்தில் ஓர் அறை.

மரக்காணம் உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். அன்று என் கணவர் சேவியருக்கு டீ நீட்டினேன். கை வெடுக்கென்று உதறியது. டம்ளர் பறந்து அவர் புருவத்தைக் கிழித்தது. எறிந்துவிட்டேன் என்று நினைத்து, எல்லோரும் பார்க்க அறைந்தார். கை என் பேச்சைக் கேட்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அதன்பின் விடியற்காலைகளில் சீப்பு, கரண்டி, உப்பு வாரும் பலகை எல்லாம் பறந்தன. ஒவ்வொன்றுக்கும் அடி விழுந்தது. "திமிரு ஏறிப்போச்சு இவளுக்கு" என்றார் மாமியார்.

ஒருநாள் பெரிய வலிப்பு வந்து உப்புப் பாத்தியில் குப்புற விழுந்தேன். நான்கு பேர் அமுக்கிப் பிடித்ததில் தோள்மூட்டு கழன்றது. வலிப்பு வந்தால் கையில் கொடுக்கும் இரும்புச் சாவியைப் பதற்றத்தில் வாயில் திணித்தார்கள், முன்பல் உடைந்தது. தயவுசெய்து யாரையும் அமுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

முதல் டாக்டரிடம் பெரிய வலிப்பை மட்டுமே சொன்னோம். கார்பமசெபின் (மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கான மாத்திரை) கொடுத்தார். சாப்பிடச் சாப்பிட உதறல் கூடியது. அடியும் கூடியது.

புதுச்சேரியில் நரம்பு டாக்டரம்மா சேவியரிடம் கேட்டார்: "காலையில இவங்க கை உதறுமா?"

"உதறாது மேடம். எறிவா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுவும் ஃபிட்ஸ்தாங்க. இந்த மாத்திரை அதை இன்னும் கிளப்பிவிடும்."

சேவியர் தலைகுனிந்தார். எனக்கு இரக்கமே வரவில்லை.

மயோகுளோனிக் வலிப்பு (தசை திடீரென வெட்டி இழுப்பது) என்றார் டாக்டர். அதற்கு வால்ப்ரோயேட் மாத்திரை நன்றாகக் கேட்குமாம். ஆனால் கர்ப்பமானால் குழந்தையைப் பாதிக்கும். அதனால் பழையதை நிறுத்தி, லெவெடிரசெட்டம் மாத்திரை எழுதினார். "இதுல கோவம் வரலாம். வந்தா நீங்களா நிறுத்திடாதீங்க, என்கிட்ட வாங்க."

உதறல் நின்றது. கோபம் வந்தது. மகளைக் காரணமில்லாமல் திட்டினேன். ஒருநாள் சோறு ஆறிவிட்டதென்று சேவியர் கையை ஓங்கினார். மணிக்கட்டைப் பிடித்துத் திருகினேன். அவர் அலறியும் விட மனம் வரவில்லை. என் விரல்கள் அத்தனையும் நான் சொன்னபடி கேட்டன.

இப்போதும் விடியும் நேரத்தில் கன்னம் தானாக இறுகும். அடி நின்றுபோன விஷயம் உடம்புக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்த முறை சேவியரே டாக்டரிடம் முறையிட்டார். "கோவத்துக்கு ஏதாவது குடுங்க மேடம், பயமா இருக்குது."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"பொண்ணு மேல எரிஞ்சு விழறேன் மேடம், அது மாத்திரைதான். அதைக் குறைச்சுக் குடுங்க," என்றேன். "இவர் மேல வர்றது என்னோடது. அது இருக்கட்டும்."