எல்லாரும் எழுந்த பிறகும் சஜ்தாவில்

அல்லாஹ்வின் அடியார்களே, உங்கள் எல்லோர் வீட்டிலும் சாந்தி நிலவட்டும். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்டது கிடைத்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது நன்றிகெட்டதனம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் போன வருடம் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. ரஹீம் பாய் சஜ்தாவில் விழுந்தால் எழுந்திருக்கவே மனசு வராது என்பார்கள். இமாம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லி, வரிசை முழுக்க எழுந்த பிறகும் நான் நெற்றியைத் தரையில் வைத்தபடி இருப்பேன். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, தன் மகளுக்குக் குழந்தை பிறக்க துஆ செய்யச் சொன்னார். நானும் தலையாட்டினேன். உண்மை என்னவென்றால், எனக்கு தக்பீர் கேட்கவில்லை. நிற்கும்போதும் குனியும்போதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். நெற்றி தரையில் இருக்கும்போது யாரைப் பார்ப்பது?

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இருபத்திரண்டு வருடமாக வேலை. நசுங்கி வரும் கன்டெய்னருக்குள் புகுந்து, உள்ளிருந்து சம்மட்டியால் அடித்துத் தகட்டை நிமிர்த்த வேண்டும். ஒவ்வொரு அடியும் நாலு பக்கமும் மோதி மண்டைக்குள் வந்து இறங்கும். காதுக்கு மாட்ட மூடி கொடுத்தார்கள். வேர்க்கிறது என்று அதை ஆணியில் தொங்கவிட்டேன். என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். ஜும்மாவுக்கு அத்தர் தடவிய பஞ்சைக் காதுமடலில் செருகிக்கொள்வோம் அல்லவா? அதையே உள்ளே தள்ளி அடைத்துக்கொண்டு சம்மட்டி தூக்கினேன். சத்தமும் அடங்கும், மணக்கவும் செய்யும் என்று பெருமை வேறு.

முதலில் காதுக்குள் ஓயாத ரீங்காரம். பிறகு பாங்குச் சத்தம் தூரமாகிக்கொண்டே போயிற்று. அப்புறம் மனிதர்களின் பேச்சு. வாயசைவது தெரியும், சொல் வந்து சேராது. யார் எது சொன்னாலும் 'ஆமாம்', 'சரி' என்று சொல்லப் பழகினேன். கிரேன் ஹாரன் கேட்காதவனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் ஒரே மகள் சுமையாவுக்கு மீஞ்சூரில் மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. எங்கள் குடும்பத்தில் நிக்காஹ்வுக்கு முன் பெண்ணின் தகப்பன்தான் இரண்டு சாட்சிகளோடு உள்ளே போய், அவளுக்குச் சம்மதமா என்று கேட்டு வந்து சபையில் சொல்ல வேண்டும். சுமையா பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். காதில் விழாத சம்மதத்தைக் கேட்டேன் என்று சபையில் எப்படிச் சொல்வேன்? பெரியவர் இருக்கும்போது நான் எதற்கு என்று சாக்குச் சொல்லி, என் அண்ணன் போகட்டும் என்றேன்.

அன்று மாலை சுமையா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசினாள். தலையைக் குனிந்துகொண்டு பேசியதால் வாயசைவும் பிடிபடவில்லை. வழக்கம்போல 'சரிம்மா' என்றேன். அவள் முகம் மலர்ந்தது. மறுநாள் அண்ணன் வந்தபோது, அவர்தான் சம்மதம் கேட்கப் போகிறார் என்று அவள் எதிரிலேயே மறுபடி சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் என்ன கேட்டாள்? நான் எதற்குச் சரி சொன்னேன்? இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றாளோ? திரும்பக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிக்காஹ்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

அன்றைய அஸர் தொழுகையில், சஜ்தாவில் அழுதேன். யா அல்லாஹ், எல்லாச் சத்தமும் வேண்டாம், என் பிள்ளை சொன்னது மட்டும் என் காதில் விழட்டும் என்று கெஞ்சினேன். நிமிர்ந்து பார்த்தால் தொழுகையே முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். காசிம் பாய் மட்டும் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் காதருகே வாயை வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நைனா, நீ அல்லாவாண்ட ரொம்ப நேரம் பேசிகினு கீறன்னு எல்லாம் நெனச்சிகினு கீறாங்கோ. எனுக்குத் தெரியும். உனுக்குக் காது கேக்கல."

தொப்பியைத் தூக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால் சின்ன மிஷின். அவரும் ஒரு காலத்தில் இதே வரிசையில் இப்படித்தான் கிடந்தாராம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் துஆவுக்கான பதிலை அல்லாஹ் எத்தனை நாளாக என் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தானோ!

மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா என் இடது காதிலிருந்து கறுத்துப்போன பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அத்தர் மணம் போய்ச் சீழ் நாற்றம் அடித்தது. புண்ணுக்கு மருந்து கொடுத்தார். சம்மட்டிச் சத்தத்தில் கெட்ட நரம்பு திரும்பாது, பஞ்சு அதைத் தடுக்காது, மிச்சமிருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். புண் ஆறி, சோதனைகள் முடிந்து, காது மிஷின் கைக்கு வந்தபோது நிக்காஹ்வுக்கு நாலு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சுமையாவை உட்காரவைத்து, அன்று என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

"உனுக்குக் காது கேக்கலன்னு எங்களுக்குத் தெரியும்த்தா. பெரியத்தாவ அனுப்பாத, நீயே வந்து கேளுன்னேன். வூடே அதிர்ற மாதிரி கத்திச் சொல்றேன், உனுக்குக் கேக்கும்னேன்."

நிக்காஹ் அன்று நானே போனேன். மிஷினில் ஃபேன் சத்தமும் பெண்கள் பேச்சும் வளையல் சத்தமும் ஒன்றாக இரைந்தன. மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தரும் மஹர் தொகையையும் சொல்லி, சம்மதமா என்று கேட்டேன். கத்துகிறேன் என்றவள் கத்தவில்லை. தலையைக் குனிந்தபடி, எப்போதும்போல மெதுவாக, "சம்மதம்த்தா" என்றாள். கேட்டது. அல்ஹம்துலில்லாஹ், எனக்குக் கேட்டது.

யார்டில் உண்மையைச் சொன்னேன். வேலை போகவில்லை, பெயின்ட் அடிக்கும் பக்கம் மாற்றினார்கள். அங்கேயும் காதுமூடி இல்லாமல் நிற்பதில்லை. ரீங்காரம் இன்னும் இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து சுமையா போனில் பேசினால் பாதிதான் புரிகிறது. அந்தப் பாதிக்காக நாள் முழுக்க ஏங்கிக் காத்திருக்கிறேன்.

அவனிடம் கேளுங்கள், தருவான். அவன் அனுப்பும் ஆளிடம் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வரிசையில் எல்லாரும் எழுந்த பிறகும் ஒருவன் சஜ்தாவிலேயே கிடந்தால், பக்திமான் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். தொழுகை முடிந்ததும் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.