சலாம் போடும் பொம்மை

மாயாண்டிக்கு இரும்போடு மல்லுக்கட்டத் தெரியும், மனிதர்களோடு தெரியாது. மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின்களுக்கு எண்ணெய் விடச் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே இரும்பு ஒட்டு வேலையைப் பிடித்துக்கொண்டவன் அவன். எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது மனைவி வீரம்மாவோடும் ஒரு தகரப் பெட்டியோடும் லொறி ஏறினான். லொறி வன்னியில் இறக்கிவிட்டது. கண்டாவளைப் பக்கம் ஒரு துண்டுக் காணியில் குடிசை போட்டுக்கொண்டு, கிளிநொச்சியில் நல்லதம்பியின் இரும்புப் பட்டறையில் வேலைக்கு நின்றான்.

வேலை தெரிந்த ஆளை 'பாஸ்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஊர் அது. செங்கல் அடுக்குகிறவர் மேசன் பாஸ், கதிரை செய்கிறவர் தச்சுப் பாஸ். அந்தப் பட்டறையில் ஒழுங்காகச் சுத்தியல் பிடிக்கத் தெரியாத ஒருவனுக்குக்கூட அந்தப் பட்டம் கிடைத்திருந்தது. மாயாண்டிக்கு மட்டும் முகத்துக்கு நேரே 'டேய் மாயாண்டி', முதுகுக்குப் பின்னால் 'தோட்டக்காட்டான்'. கலப்பை ஒட்டினான், உழவு மெஷினுக்குப் பெட்டி கட்டினான், தண்ணீர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பூட்டினான். ஒரு நாளும் அந்தச் சொல் அவன் பக்கம் திரும்பவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவன் என்னவும் செய்யத் தயாராயிருந்தான். அதுதான் வந்த வினை.

எண்பத்திரண்டில் கிளிநொச்சியில் கானிவல் களியாட்டம் போட முடிவானது. நல்லதம்பி அதில் ஒரு பங்காளி. எங்கிருந்தோ கிடைத்த வெளிநாட்டுக் கலண்டரைக் கொண்டுவந்து மாயாண்டியின் முன்னால் விரித்தார். வளைந்து நெளிந்து வானத்துக்கு ஏறி இறங்கும் இரும்புப் பாதை, அதில் வண்டிகள், வண்டியில் வாயைப் பிளந்தபடி வெள்ளைக்காரர்கள்.

"இஞ்ச பார், இப்பிடியொண்டு எங்களாலை செய்யேலுமோ? யாழ்ப்பாணத்திலையும் இல்லாத சாமான்."

மாயாண்டி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "செய்யலாம் மொதலாளி. நம்ம மலைப்பக்கத்து ரயில் மாதிரித்தான். ஏத்தத்துல இழுத்துவிட்டா, எறக்கத்துல அதுவா ஓடிரும்."

"அப்ப அதையே பேராயும் வைப்பம். மலைநாட்டு ரயில்!" என்று நல்லதம்பி துள்ளினார். மலையென்றால் என்னவென்றே கண்ணால் காணாத சனம் வன்னிச் சனம். சும்மா கூப்பிட்டாலே வந்து குவியும் என்பது அவர் கணக்கு.

கழித்துவிட்ட ட்ரொலித் தண்டவாளங்களை வாங்கி, உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்தான் மாயாண்டி. முதல் மேடு தென்னை மர உயரம், அடுத்தடுத்த மேடுகள் ஒன்றைவிட ஒன்று தாழ்வு. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினோடு கம்பி வடத்தைப் பூட்டி வண்டியை மேலே இழுக்கச் செய்தான். நெல் மூட்டைகளை ஏற்றி முதல் ஓட்டம் விட்டபோது, இரண்டாவது மேட்டில் வண்டி தண்டவாளத்தை விட்டுக் கிளம்பி அடுத்த வளவுக்குள் போய் விழுந்தது. மூட்டை வெடித்து, அந்த வீட்டுக் கோழிகளுக்கு அன்று கலியாணச் சாப்பாடு. நல்லதம்பி ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. மாயாண்டி வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தண்டவாளத்துக்கு மேலே ஒரு சில்லு, அடியில் ஒரு சில்லு என்று பூட்டி, வண்டி பாதையைக் கவ்விக்கொண்டு ஓடும்படி மாற்றினான். பிறகு அது கிளம்பவேயில்லை.

பாதையின் கடைசி வளைவில் தார்ப் பீப்பாத் தகரத்தால் ஒரு குகை. சனம் வெளியில் நின்றே உள்ளே பார்க்க ஒரு பக்கம் திறந்திருந்தது. உள்ளே பச்சைப் பெயின்றில் தேயிலை மலை. எல்லாம் முடிந்ததும் நல்லதம்பி தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மலை இருக்கு, ரயில் இருக்கு. சிரிக்க ஒண்டுமில்லையே. ஒரு கொழுந்தெடுக்கிற பொம்பிளையைச் செய்து நிப்பாட்டுவம். ரயில் போகேக்கை அது தோட்டத்துத் துரைக்குப் போடுற மாதிரி ஒரு சலாம் போடவேணும். பல்லெல்லாம் வெத்திலைக் காவி. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

மாயாண்டியின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் தாய் கொழுந்தெடுத்தவள். மனைவி கொழுந்தெடுத்தவள். 'வேண்டாம் மொதலாளி' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

"உன்னாலை ஏலாததோ? நீ பாஸ் எல்லோ, உன்ரை மூளையை விட்டுச் செய் பாப்பம்" என்றார் நல்லதம்பி.

பாஸ்! சொல்லிவிட்டார். பட்டறையில் எல்லோர் காதும் கேட்கச் சொல்லிவிட்டார். மாயாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. வந்த சொல்லை விழுங்கிவிட்டு, "செஞ்சிரலாம்" என்றான்.

செய்தான். அரைகுறையாகச் செய்து தொலைத்திருந்தாலாவது பாவம் குறைந்திருக்கும். அவனுக்கு அரைகுறை வேலை தெரியாது. கம்பியால் எலும்பு கட்டி, தும்பு அடைத்து, பானையில் முகம் எழுதினான். இடுப்பில் சுற்றக் கொழுந்துக்காரிகள் கட்டும் படங்குச் சாக்கு வேண்டியிருந்தது. வன்னியில் அதற்கு எங்கே போவது? வீட்டுத் தகரப் பெட்டியில் வீரம்மாவின் படங்கு இருந்தது. நெருப்புக்குத் தப்பி அவள் அள்ளிக்கொண்டு வந்த நாலைந்து சாமான்களில் அதுவும் ஒன்று. ஓரத்தில் சிவப்பு நூலால் அவளே தைத்த தையல் இருந்தது. அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து வீரம்மா பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். "என்னாங்க, என் படங்கைக் கண்டீங்களா?"

"கறையான் அரிச்சிருந்துச்சு புள்ள, வீசிட்டேன்" என்றான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவளும் நம்பிவிட்டாள்.

சலாம்தான் கஷ்டமாயிருந்தது. தண்டவாளத்தோரம் ஒரு நெம்பு வைத்து, வண்டிச் சில்லு அதை மிதித்ததும் பொம்மையின் கை உயரும்படி செய்தான். ஆனால் அந்தச் சலாமில் உயிரில்லை. பிறகுதான் அவனுக்கு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஞாபகம் வந்தது. துரை வரும்போது வரிசையில் நிற்கும் வீரம்மா ஒரு கையால் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, மற்றக் கையை நெற்றிக்குக் கொண்டுபோவாள். அதை அப்படியே கொண்டுவந்தான். கழுத்து உள்ளே போக ஒரு கம்பிச்சுருள், முழங்கால் மடிய ஒரு பூட்டு. முதல்முறை அது சலாம் போட்டபோது பட்டறையே கொல்லென்று சிரித்தது. நல்லதம்பி முதுகில் தட்டினார். மாயாண்டியும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

திறப்பு நாளன்று ஐயர் வந்து பூசை செய்தார். எல்லாச் சில்லுகளுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தார்கள். யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தர் வந்து முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருந்தார். சனமோ சனம். ஆனால் வண்டியில் ஏறத்தான் ஒருவரும் இல்லை. அந்த உயரத்தைப் பார்த்து ஆம்பிளைகளே பின்னுக்கு நகர்ந்தார்கள்.

நல்லதம்பி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பயப்பிடாதேங்கோ! இதைச் செய்தவரின்ரை மனிசியே முதல் ஏறப் போறா!"

வீரம்மா வருவாள் என்று மாயாண்டிக்குத் தெரியும். ஏறுவாள் என்று நினைக்கவில்லை. கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, அயல்வீட்டுச் சிவனேஸ்வரியோடு அவள் கூட்டத்துக்குள் நின்றாள். வழி முழுக்கப் புருஷனின் கெட்டித்தனத்தைச் சொல்லிக்கொண்டே வந்திருப்பாள் போலும். கூப்பிட்டதும் முகம் பூரித்துப் போய்விட்டது.

"வாங்கக்கா, நாம ரெண்டு பேரும் ஏறுவோம். அவரு செஞ்சது, ஒண்ணும் ஆவாது" என்று சிவனேஸ்வரியையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஏறினாள். எஞ்சினடியில் நின்ற புருஷனைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

நிறுத்தியிருக்கலாம். எஞ்சின் பழுது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவனும் இல்லை. ஆனால் ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மாயாண்டி எஞ்சினை இழுத்து விட்டான். தேசிக்காய்கள் நசுங்கின. வண்டி மேலே ஏறி, ஒரு கணம் நின்று, விழுந்தது. சனம் 'ஐயோ' என்றது. அடுத்த மேடு, அதற்கடுத்த மேடு, வண்டி பாதையைக் கவ்வியபடி பிசகாமல் பறந்தது. கடைசி வளைவில் குகைக்குள் நுழைந்தது. சில்லு நெம்பை மிதித்தது.

பொம்மை கழுத்தை இழுத்து, முழங்காலை மடித்து, வீரம்மாவுக்குச் சலாம் போட்டது.

அவள் பொம்மையைப் பார்த்தாள். அதன் இடுப்பைப் பார்த்தாள். சிவப்புத் தையலைக் கண்டுவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. தன்னையறியாமல் கையை நீட்டினாள். அதற்குள் வண்டி கடந்துவிட்டது. சனம் வெடித்துச் சிரித்தது.

"உங்கை பாருங்கோ! பொம்மை ஒண்டு, வண்டியிலை இருக்கிறது ஒண்டு!" என்று எவனோ கத்தினான். சிரிப்பு இரட்டித்தது.

மாயாண்டியும் சிரித்தான். சிரிக்காமல் நின்றால் தன்னையும் அவளோடு சேர்த்துவிடுவார்களே என்ற பயத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சிரித்தான். வண்டி வந்து நின்றபோது வீரம்மா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உத்தியோகத்தர் கதிரையை விட்டு எழுந்து வந்தார். நல்ல மனிதர், உண்மையிலேயே சந்தோஷப்பட்டிருந்தார். "ஆர் இதைச் செய்தது? கெட்டிக்காரன்!"

நல்லதம்பி மாயாண்டியைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினார். உத்தியோகத்தர் கைகொடுக்கக் கையை நீட்டினார். அவன் காத்திருந்த நாள் அது. நிமிர்ந்து நின்று அந்தக் கையைப் பிடிப்பது ஒன்றுதான் அவன் செய்யவேண்டியிருந்தது.

அவன் கழுத்து தோளுக்குள் போனது. முழங்கால் மடிந்தது. வலது கை தானாக நெற்றிக்கு எழும்பியது. "சலாமுங்க தொரை" என்று வாயும் சொல்லிவிட்டது.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு, குகைக்குள் கண்டதற்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை என்பது எல்லோருக்கும் விளங்க, கானிவல் திடலே அதிரும்படி சிரித்தார்கள். நல்லதம்பி கண்ணீர் வரச் சிரித்து, ஒலிபெருக்கியில் "எங்கடை சலாம் பாஸ்!" என்றார். சனம் அதைப் பிடித்துக்கொண்டது.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது மாயாண்டிக்கு. அப்போதும் அவன் கண் வீரம்மாவைத்தான் தேடியது. அவள் சிரிக்கவேண்டும் என்று நினைத்தான். அவளும் சிரித்தால், தான் சிரித்ததற்குக் கணக்குத் தீர்ந்துவிடும். பக்கத்தில் சிவனேஸ்வரிகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மலைநாட்டு ரயில் கானிவல் முடியும்வரை ஓடியது. ஏறுவதற்கு அடிபட்டார்கள். பிறகு இரும்பைப் பிரித்து விற்றுவிட்டார்கள். மாயாண்டிக்கு வைத்த பேர் மட்டும் நின்றுவிட்டது. அதற்குப்பிறகு அந்தக் கடைவீதியில் ஒருவரும் அவனை 'டேய்' என்று கூப்பிடவில்லை. மேசன் பாஸ், தச்சுப் பாஸ், சலாம் பாஸ். கூப்பிட்டவர்கள் பாதிப்பேர் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள்.

திறப்பு நாளன்று பொழுதுபட வீட்டுக்குப் போனபோது வீரம்மா குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கலியாணச் சேலையை மாற்றியிருந்தாள். பொம்மையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த படங்கை அவன் வாசலில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. தட்டில் ரொட்டியும் சம்பலும் வைத்து அவன் முன்னால் தள்ளினாள். ஏசுவாள், அழுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று அவன் காத்திருந்தான். அவளோ அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டாள்.

பொறுக்கமுடியாமல் அவன்தான் கேட்டான். "எல்லாரும் சிரிச்சாங்களே. நீ ஏன் புள்ள சிரிக்கல?"

"நம்மளப் பாத்துச் சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே" என்றாள் வீரம்மா.

ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டு, "சாப்பிடுங்க, ஆறிப் போவுது" என்றாள்.