கடல் புகுந்த கரி

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது காவல்காரர் சொன்னார்: "சவரிமுத்து ஐயா போயிட்டாரு. விடியக்காலை, ஆஸ்பத்திரியில." உள்ளே போனேன், இருப்புக் கொள்ளவில்லை. காரணமே இல்லாமல் சீனர்கள் வாழும் சோலோன் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். இன்றுவரை அப்படித்தான் அலைகிறேன்.

இதைப் படிக்கும் நீங்கள் அவரை அறிந்தவர்கள். சைகோன் தமிழர்கள் அவரைப் பற்றிச் சொல்லும் ஒரு கதையும் உங்களுக்குத் தெரியும்: நிலக்கரிச் சோதனையில் அசட்டையாக இருந்து ஒரு கப்பல் புகையக் காரணமானவர் என்று. அந்தக் கதை பொய். அதைத் திருத்தாமல் அவரைப் பற்றி ஒரு வரியும் என்னால் எழுத முடியாது.

காரைக்காலிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே வருடம் வந்து வேலைக்குச் சேர்ந்தோம். சுரங்கத்தில் கரிப் படுகையை மேலிருந்து அடிவரை சாண் சாணாக வெட்டி, காகிதத்தில் சுற்றி அனுப்புவார்கள். அதைப் பொடித்து எரித்து, சாம்பல் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று எழுதித் தருவது எங்கள் வேலை. சவரிமுத்து பொட்டலங்களை மேசையில் வரிசையாகப் பரப்பி, நெடுநேரம் பார்த்த பிறகே உரலைத் தொடுவார். எனக்குப் பொறுமை போய்விடும்.

"எரிக்கப்போற கரிக்கு ஜாதகம் பாக்குறியா?" என்பேன்.

"இங்க பாருப்பா. பளபளன்னு இருக்கே, இது தண்ணிக்குள்ள அசையாமக் கெடந்த மரம். இந்த மங்கல் கோடு, ஆத்து வெள்ளம் கொண்டாந்த சேறு. இது விரல்ல ஒட்டுது பாரு, காடு காஞ்சு தீப்பிடிச்ச வருசம்."

அவர் கண்ணுக்கு அது கரியல்ல, சதுப்புக் காடு. ஞாயிற்றுக்கிழமைகளில் படகேறிக் கழிமுகத்துச் சதுப்புகளுக்குப் போய், முழங்கால் புதையச் சேற்றில் நின்று, மக்கிய இலைகளை முகர்ந்து பார்ப்பார். மாதா கோயில் பூசைக்கு வராததற்குச் சாமியாரிடம் திட்டும் வாங்குவார்.

வடக்கே புதிதாகத் திறந்த ஒரு சுரங்கத்தின் கரி வந்த அன்று தைப்பூசம். சவரிமுத்து காய்ச்சலில் வீட்டில் இருந்தார். வெள்ளி ரதம் புறப்படுவதற்குள் செட்டியார் கோயிலுக்குப் போக வேண்டும் என்று நான் பறந்துகொண்டிருந்தேன். தனித்தனியாகச் சோதிப்பதுதான் விதி. நான் பன்னிரண்டு பொட்டலங்களையும் ஒரே உரலில் கொட்டி இடித்தேன். ஒரே சோதனை, ஒரே எண். கந்தகம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. எழுதி வைத்துவிட்டு ஓடினேன்.

அந்தக் காட்டைக் கடைசியில் கடல் மூடியிருக்கிறது. உப்புநீர் ஊறிய மேல் சாண் முழுவதும் கந்தகம். கீழிருந்த நல்ல கரியோடு நான் கலந்ததில் அது மறைந்துபோனது. சுரங்கத்தில் முதலில் வெட்டியெடுத்ததோ அந்த மேல் சாணைத்தான். ஓர் ஆற்றுக் கப்பலில் குவித்து வைத்த அந்தக் கரி, கந்தகம் மிகுந்ததால், தானாகவே சூடேறிப் புகைந்தது. அதை அள்ளி வெளியே போடப் போன உள்ளூர் அன்னாமியத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின.

"ஏன் ஒரே எண்?" என்று தலைமை அதிகாரி கத்தினார்.

"சோதனை மேசைக்குப் பொறுப்பு நான்தான்" என்று சவரிமுத்து பிரெஞ்சில் பதில் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிய இருந்தது. மனைவியும் பிள்ளைகளும் ஊரிலிருந்து கப்பலேறிவிட்டார்கள். வாய் திறக்கவில்லை. அவரை மேசையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். எட்டு வருடம் காலிப் புட்டிகளை அடுக்கினார். கரியை அவர் கண்ணில்கூடக் காட்டவில்லை.

"இன்னைக்கே போய்ச் சொல்லிடவா?" என்று எத்தனையோ தடவை கிடங்கு வாசலில் போய் நின்றிருக்கிறேன். ஒருமுறை சிரித்தார்: "அந்தக் காட்டுக்குள்ள கடல் பூந்ததும் உன்னாலதானா?" இன்னொரு முறை சிரிக்கவில்லை. "சொல்றவன் என்கிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிக்கமாட்டான்" என்றார்.

அதற்குப் பிறகும் நான் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது. அடக்கத்தன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது அவரு கூடவே நின்னீங்க" என்று அழுதார். கையை உருவிக்கொள்ளவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது கிடங்கு வாசலில் அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை. இன்று காலை யாரையும் கேட்காமல் அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் எழுதுகிறேன். பன்னிரண்டு பொட்டலங்களையும் கலந்தவன் நான். அன்று சவரிமுத்து அந்த அறையிலேயே இல்லை.