கல்வலிக்குப் பத்து, பிள்ளைவலிக்கு எட்டு

காலை பதினொரு மணி. துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்ணையும் பூட்டு முத்திரையையும் சரிபார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். இடது விலாவுக்குக் கீழே முறுக்கிப் பிழிவதுபோல் ஒரு வலி. அப்படியே ஒரு பெட்டியில் சாய்ந்தேன். வெயிலில் காய்ந்த இரும்பு முதுகைச் சுட்டதுகூட உறைக்கவில்லை.

வாயு என்று நினைத்தேன். மேற்பார்வை அண்ணாச்சி சோடா வாங்கித் தந்தார். சாயங்காலம் மாப்பிள்ளையூரணியில் வீட்டுத் தரையில் உருண்டபோது என் கணவர் செல்வின் சிரித்தார்.

"ஏளா, ரெண்டு பிள்ளையச் சுகப்பிரசவத்துல பெத்தவ நீ. இதுக்குப் போயி இப்படித் துடிக்க?"

கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சில் எனக்குப் பெருமையும் இருந்தது. பிள்ளை பெற்றவளை இதுவா சாய்த்துவிடும் என்ற வீம்பில் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

நான்காம் நாள் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிய கல், யூரிட்டரை (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்) அடைத்துக்கொண்டிருந்தது. மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி ஏறியிருந்தது.

"இவ்வளவு நாள் விட்டிருக்கக் கூடாது. இடது கிட்னியக் காப்பாத்தப் பார்ப்போம், உறுதி சொல்ல முடியாது," என்றார் டாக்டர். ஏறக்குறைய என் வயதுப் பெண். "வலி பத்துக்கு எவ்வளவு?"

"பத்து."

"பிரசவ வலிக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

"எட்டு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வின் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இதைச் சொன்னால் தாய்மையையே குறைத்துவிட்டதுபோல் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். இரண்டையும் பட்டவள் நான். பிள்ளைவலி வந்து வந்து போகும். இடையில் ஒரு வாய் காபி குடிக்கலாம், நர்ஸைத் திட்டலாம். கல்வலிக்கு அந்த மரியாதை தெரியாது. குறைவதுபோல் போக்குக் காட்டுமே தவிர விடாது. பிள்ளைவலிக்குச் சுற்றிலும் ஆட்கள் நின்று முதுகைத் தடவினார்கள். கல்வலிக்குச் சோடா கொடுத்தார்கள். உங்கள் மதிப்பெண் வேறாக இருக்கலாம். ஆனால் அதை நீங்கள் போடுங்கள், பக்கத்தில் நிற்பவர் போட விடாதீர்கள்.

அன்றே ஸ்டென்ட் (அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கல்லை உடைத்து எடுத்தார்கள். சிறுநீரகம் பிழைத்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கேட்டார். "வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"குடிக்க மாட்டோம். வாயக் கொப்பளிச்சுத் துப்பிருவோம்."

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். யார்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆபீஸில் உள்ளது அதிகாரிகளுக்கு, சாவி அண்ணாச்சியின் மேசையில். அதனால் விழுங்காமல் கொப்பளிப்பது எங்கள் வழக்கம். எனக்கு மூத்தவர்கள் சொல்லித் தந்தார்கள். போன வருஷம் சேர்ந்த பவானிக்கு நான் சொல்லித் தந்தேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வலியில்கூட அப்படி அழவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று பவானியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தேன். அவளிடமும் ஒன்றை நீட்டினேன்.

"துப்பாத. முழுங்கு."

பிறகு இரண்டு பேரும் அண்ணாச்சி மேசைக்குப் போனோம். சாவி கேட்டேன்.

"அது அதிகாரிகளுக்குள்ளதும்மா. நான் எப்படித் தர முடியும்?"

"நான் ஒரு பாட்டில் குடிச்சிருக்கேன் அண்ணாச்சி. அவளும் குடிச்சிருக்கா. தாறது வரைக்கும் இங்கனயேதான் நிப்போம்."

நின்றோம். அண்ணாச்சி ஃபைலைப் புரட்டினார், மின்விசிறியைப் பார்த்தார், கடைசியில் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்று முதல் அது வெளிச்சுவரில், எங்களுக்குக் கையெட்டும் ஆணியில் தொங்குகிறது.

முன்பெல்லாம் பதினொரு மணி என்றால், வீட்டுக்குப் போக இன்னும் ஆறு மணி நேரம் அடக்க வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கணக்கு இப்போது இல்லை. பதினொரு மணிக்கு இரண்டாவது பாட்டில் காலியாகும். சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன். யாரிடமும் கேட்பதில்லை.