மேல் திடலில் நாலு பேர்

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. யாராவது கேட்டால் "பார்க்கில வேலை" என்பார். கேட்டவர்கள் நான் புல்லு வெட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்தியதில்லை. பொது நிலத்தில் மக்கள் எங்கே நடக்கலாம், எங்கே கார் விடலாம், கழிப்பறை எந்தப் பக்கம், எந்தத் திடலைத் திறந்து வைப்பது, எதை மரங்களுக்கே விட்டுவிடுவது என்று திட்டம் போடுகிற வேலை என்று விளக்கினால், "அதுக்கெல்லாம் சம்பளம் தாறாங்களோ?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

நாங்கள் குடியிருக்கும் டூங்கபியிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் ஓடைக்கரையில் ஒரு பெரிய பூங்கா. வாசலோடு இருப்பது கீழ்த் திடல். மேசைகள், ஊஞ்சல்கள், கழிப்பறை எல்லாம் அங்கேதான். அதைத் தாண்டி ஒரு கிரவல் பாதை மேட்டில் ஏறி மேல் திடலில் முடியும். அங்கே கம் எனப்படும் யூகலிப்டஸ் மரங்களும், ஒரு தண்ணீர்க் குழாயும், பொத்தானை அமத்தினால் சூடாகும் ஒரு பார்பிகியூத் தட்டும் மட்டும்தான். இங்கே வந்து குடியேறிய எங்கள் தமிழ் ஆட்களுக்கு அது போதும். ஞாயிறு பதினொரு மணிக்குக் கார்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறும், பாய்கள் விரியும். அந்தத் தட்டில் ஒருவரும் எதையும் சுட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் சமைத்த ஆட்டிறைச்சிக் கறியைப் பானையோடு தூக்கி அதன்மேல் வைத்துச் சூடாக்குவார்கள். ஆண்கள் ஒரு பக்கம் முந்நூற்றுநாலு விளையாடுகிறோம் என்று சீட்டைப் பாயில் அறைந்து சண்டை பிடிப்பார்கள். கிளையில் ஒரு குக்கபராப் பறவை காத்திருந்து, கவனம் இல்லாதவர் கையிலிருந்து இறைச்சி ரோல்ஸைப் பறித்துக்கொண்டு போகும். உறைப்புக்குப் பழகிய குருவி அது.

வேலை கிடைப்பதற்கு முன்னர் நானும் அம்மாவோடு ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போயிருக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் பாயில் அப்படியே சரிந்து, பெண்கள் கதைப்பதைக் கேட்டபடி அரைத் தூக்கத்தில் கிடப்பேன். அதன்பிறகு எத்தனையோ அழகான இடங்களுக்குத் திட்டம் போட்டுவிட்டேன். அந்த அரைத் தூக்கம் எங்கும் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அந்தப் பூங்காவின் திட்டம் என் மேசைக்கு வந்தது. ஓடைக்கரை மண் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு பகுதிக்குப் போகும் கார்ப் பாதையை மூடி, மரம் நட்டாக வேண்டும். எதை மூடுவது? ஆட்கள் அதிகம் வராத பகுதியைத்தான். யார் யார் எங்கே வருகிறார்கள் என்று நாலு ஞாயிறு நேரில் கேட்டு எழுத வேண்டும். மேல் திடலுக்கு என்னையே அனுப்பினார்கள், தமிழ் தெரியும் என்பதால். என் மேலாளர் நல்ல மனுஷி, ஆனால் கறார். "உன் ஆட்கள் என்பதற்காகக் கூட்டியும் போடாதே, குறைத்தும் போடாதே. சொல்வதை எழுது" என்றார்.

நான் பச்சைச் சட்டையும், நெஞ்சில் அடையாள அட்டையும், கையில் படிவமுமாக மேலே ஏறினேன். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் ஓர் அங்கிள். ஊரில் புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். பாய் விரிக்க ஐந்து நிமிடம் பிந்தினாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். என்னைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர், அன்றைக்கு எழுந்து நின்றார்.

"எத்தினை பேர் வந்தனீங்கள் அங்கிள்?"

"நாலு பேர்."

அவருக்குப் பின்னால் ஒரு வானிலிருந்து பத்துப் பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் பந்தொன்று உருண்டு என் சப்பாத்தில் வந்து முட்டியது.

"அங்கிள், இது பொலிஸ் இல்லை. இந்த இடத்தை எப்பிடி வச்சிருக்கிறது எண்டு பாக்கத்தான் கேக்கிறம்."

"ஓம், ஓம். நாலு பேர்தான். இண்டைக்குத்தான் முதல் முதல் வந்தனாங்கள்."

"இங்க என்ன வசதி வேணும்?"

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. எல்லாம் நல்லா இருக்கு. நீ இருந்து சாப்பிட்டிட்டுப் போ."

அடுத்த பாயிலும் நாலு பேர் என்றார்கள். அதற்கடுத்ததில் மூன்று. அம்மாவும் அங்கே இருந்தார். மகள் அரசாங்கச் சட்டையில் நிற்பதைக் கண்டதும், முன்பின் தெரியாதவர் போல மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே கேட்கிறேன், ஏன் இப்படிப் புளுகுகிறீர்கள் என்று கத்தலாம் போலிருந்தது. அவர்கள் நீட்டிய சோற்றையும் கறியையும் நின்றபடியே சாப்பிட்டேன். படிவத்தில் 'நாலு' என்று எழுதினேன். அடியில் நம் கண்ணால் கண்டதை எழுத ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டேன். என் ஆட்களுக்குச் சார்பாக நடக்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. அவர்களுக்கு இருந்தது வேறு பயம்.

நாலு ஞாயிறும் இதே கதைதான். வீட்டில் அம்மாவோடு சண்டை போட்டேன். "நீ இப்ப கவுண்மேந்து ஆள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை எனக்கு எப்படி வலித்தது என்று அவருக்குத் தெரியாது.

வருகிறவர்கள் குறைவு, தேவை எதுவும் இல்லை. ஒரு திடலை மூட எங்கள் அலுவலகத்துக்கு இந்த இரண்டு வரியும் தாராளம். மேல் பாதையை மூடுவதாக வரைவுத் திட்டம் வெளியானது. மக்கள் கருத்துச் சொல்ல ஆறு கிழமை அவகாசம். நான் அங்கிளின் வீட்டுக்கே ஓடினேன்.

"நீங்கள் எல்லாரும் எழுதினா மூட மாட்டினம் அங்கிள். ஒரு கடிதம் காணும்."

"பேர், விலாசம் போட வேணுமோ?"

"ஓம்."

அப்போதுதான் அவர் காரணத்தைச் சொன்னார். எங்களோடு வரும் பெடியன் ஒருவன், விசா இல்லாதவர்களை அடைத்து வைக்கும் வில்லாவுட் முகாமில் இருந்துவிட்டு வெளியே வந்தவன். அவனுடைய விசா வழக்கு இன்னும் முடியவில்லை. யாரோ படிவத்தோடு வந்து தலையை எண்ணினால், அது எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? "அவனை மட்டும் விட்டிட்டு எண்ணச் சொன்னா, அவன்தான் முதல் எழும்பிப் போயிடுவான். அதுதான் ஒருத்தரையும் எண்ண விடேல்லை. திடல் போனாப் போகட்டும் பிள்ளை."

எங்கள் படிவத்துக்கும் அவன் வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார், தேத்தண்ணி தந்தார், எழுத மாட்டேன் என்றார். அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

பாதையில் கேற்றைப் போட்டுப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் எல்லோரும் கீழ்த் திடலுக்கு வந்து பார்த்தார்கள். அங்கே கொங்கிரீட்டில் பதித்த மேசைகள், ஒன்றுக்கு ஆறு பேர். ஆறு ஆறு பேராகப் பிரிந்திருந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார்கள். பிறகு வராமலே விட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வருத்தம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கதிரையில் இருக்க முன்னமே, "பெடியனுக்கு விசா கிடைச்சிட்டுது" என்றார். அம்மா கையைக்கூடத் துடைக்காமல் குசினியிலிருந்து ஓடி வந்தார். மூன்று பேரும் மாறி மாறிச் சிரித்தோம். பிறகு அவர் பையிலிருந்து சில தாள்களை எடுத்தார்.

"இனி ஒருத்தருக்கும் பயமில்லை. எல்லாரும் பேரும் விலாசமும் தந்து கையெழுத்தும் வச்சிட்டினம். இதை எங்க குடுக்க வேணும்?"

"அங்கிள், அது முடிஞ்சு போச்சு. மரக்கண்டெல்லாம் நட்டாச்சு. இனிப் பத்து வருசத்துக்குப் பிறகுதான் திரும்பிப் பாப்பினம்."

"தெரியும். பூட்டைப் பாத்திட்டுத்தான் வாறன். எண்டாலும், நாங்கள் எத்தினை பேர் எண்டு ஒருக்காச் சரியா எழுதி வைக்க வேணும் எல்லே."

தாள்களை வாங்கிப் பார்த்தேன். இலக்கமிட்டு, கோடு பிசகாமல் எழுதியிருந்தார். முதலாவதாக அந்தப் பெடியனின் பெயர். குழந்தைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வைத்திருந்தார்கள். கடைசித் தாளில் அறுபத்திரண்டாவது அம்மா. என்னிடம் மூச்சும் விடாமல் எப்போதோ கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார். அதற்குக் கீழே, அறுபத்திமூன்றாவதாக, என் பெயரை எழுதியிருந்தார் அங்கிள். எதிரே இடம் வெறுமையாக இருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து நீட்டினார். நான் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.