ஒன்றும் தெரியாத பையன்

நேற்று என் பேத்தி வங்கி வேலைக்கு ஒரு விண்ணப்பத்தைக் கார்பன் வைத்துத் தட்டெழுத்தில் அடித்துக் கொண்டுவந்து, “படிச்சுப் பாருங்க தாத்தா” என்று என் மடியில் போட்டாள். பெயர், ஊர், படிப்பு எல்லாம் முடிந்த பிறகு, ‘என் முக்கியத் திறமைகள்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே வரிசையாக எண் போட்டு, தன் கெட்டிக்காரத்தனத்தைக் கூச்சமே இல்லாமல் எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம். சத்தியமாக நான் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கார்பன் தாளின் வாசம் மூக்கில் ஏறியதும், கற்பூரமும் வற்றல் மிளகாயும் கலந்த வேறொரு வாசம் எங்கிருந்தோ கூடவே வந்துவிட்டது. அது என் மாமாவின் கோட்டு வாசம்.

மாமா இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து அரிசியும் பருப்பும் மாட்டு வண்டியில்தான் வர வேண்டும். அந்தக் கறுப்புக் கோட்டை மாமா போடுவது துரைமாரைப் பார்க்கப் போகும்போது மட்டும். மற்ற நாளெல்லாம் அது வற்றல் மூட்டைக்கு மேலே ஆணியில் தொங்கும். பூச்சி அரிக்காமலிருக்கப் பைக்குள் கற்பூரக் கட்டி வேறு. அவர் அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தால் கூட வருகிறவனுக்குத் தும்மல் நிச்சயம்.

அப்பா போன பிறகு மதுரைப் பக்கத்திலிருந்து என்னை அழைத்துவந்து, இங்கிலீஷ் படிக்க வைத்துக் கடையில் நிறுத்தியவர் மாமாதான். கடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முதலாளியின் மருமகன் என்பதைத் தவிர வேறு பெயரும் இல்லை. வாலிப வயது, அது உறுத்தியது. பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை காலியாகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்களுக்குப் பேர் போட்டு, கொழுந்து நிறுத்து, கையில் குடையோடு நடக்கிற உத்தியோகம் அது. அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மாமாவுக்குப் பழக்கமானவர். மாமா கோட்டை எடுத்து உதறினார். நான் தும்மிக்கொண்டே கிளம்பினேன்.

அந்தக் காலத்தில் தன் திறமையைத் தானே சொல்லிக்கொள்கிறவனை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். பெரியவர் ஒருவர் கூடப் போய்ச் சொல்ல வேண்டும். அவரும் புகழக் கூடாது, கண் பட்டுவிடும். தாழ்த்தித்தான் சொல்வார், கேட்கிறவர் உயர்த்திப் புரிந்துகொள்வார். “எங்க பொண்ணுக்கு அடுப்பு மூட்டவே தெரியாது” என்று தாய் சொன்னால், பெண் விருந்தே சமைப்பாள் என்று சம்பந்திக்குத் தெரியும். துரைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர்.

ஆபீஸ் வாசலில் மாமா குனிந்து கும்பிட்டார். “தொரை, இவன் என் தங்கச்சி மவன். ஒண்ணும் தெரியாத பய. நீங்கதான் ரெண்டு அடி போட்டுத் திருத்தி வச்சுக்கிடணும்.”

“ஒண்ணும் தெரியாதா?” என்றார் துரை.

“சுத்தமாத் தெரியாதுங்க.” காரியம் கைகூடிவிட்ட பூரிப்பு மாமாவின் முகத்தில்.

“கணக்கு?”

“சின்னப் பயலுக்கு என்னங்க கணக்கு.”

“அப்போ எனக்கு வேண்டாம். கூட்டிட்டுப் போ.” துரை தொப்பியை எடுத்து மாட்டினார்.

சோறு போட்டு வளர்த்தவரை மூன்றாம் மனிதர் முன்னால் மறுத்துப் பேசுவதா? பேசாவிட்டால் ஆயுசு முழுக்கப் பருப்பு அளக்க வேண்டியதுதான். துரை ஒரு படி இறங்கிவிட்டார்.

“இல்லீங்க தொரை, மாமா சொல்றது தப்பு. எனக்குக் கணக்கு தெரியும். இங்கிலீசு எழுதுவேன், படிப்பேன். சிங்களம் பேசுவேன். தராசு பிடிச்சா முள்ளு ஆடாது.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தற்புகழ்ச்சியும் வேர்க்கடலை மாதிரிதான். “என் தொண்டை எதிர் மலைக்குக் கேக்கும்” என்றும் சொல்லிவைத்தேன். பொய்யில்லை. பாலம் தாண்டிப் போய்விட்ட வண்டிக்காரர்களைக் கடை வாசலிலிருந்தே கூப்பிட்டுத் திருப்பியவன் நான்.

துரை எதிர் மலையைப் பிரம்பால் காட்டினார். “கூப்பிடு.”

என்ன சொல்லிக் கூப்பிடுவது? தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோன நாட்களில் காதில் விழுந்ததுதான் வாயில் வந்தது. “கொழுந்து நிறுக்க வாங்க!”

எதிர் மலையில் முதலில் ஒரு முக்காடு திரும்பியது. பிறகு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மொத்தப் பேரும் கூடையோடு இறங்க ஆரம்பித்தார்கள். நிறுக்கும் நேரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. கங்காணி குடையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடிவருகிறார், யாரும் நிற்கவில்லை. துரையின் முகம் சிவந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

துரை படியிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

முதலில் வந்து சேர்ந்த அம்மாள் மூச்சு வாங்கக் கூடையை இறக்கினார். “யாருங்க இந்நேரத்துல கூப்பிட்டது?”

“புதுக் கணக்கப்பிள்ளை” என்று துரை என்னைக் காட்டினார்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தொண்டை நல்லாத்தான் இருக்கு. நேரந்தான் தெரியல.”

அன்று எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஆனால் மாமா வழி நெடுகத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். பதுளை எல்லை வந்ததும் நின்று, கோட்டைக் கழற்றினார். அறை விழப்போகிறது என்று நான் கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“ஏன்டா, நீ நல்லா இங்கிலீசு எழுதுவேன்னு எனக்குத் தெரியாதா? அந்த மனுசனுக்கு என் பேச்சு வெளங்கல, நான் என்ன செய்ய?” என்றவர், கோட்டை என் தோளில் போட்டார். “இனிமே உனக்குத்தான் இது வேணும்.”

அந்தத் தொளதொளக் கோட்டில் தும்மிக்கொண்டே நான் கடைவீதிக்குள் நுழைந்ததுபோல எந்த ராஜாவும் பட்டணப் பிரவேசம் செய்திருக்க மாட்டார். கேட்டவர்களிடமெல்லாம் மாமா ஒரே பதில்தான் சொன்னார்: “என்னமோ, தொரை பெரிய மனசு பண்ணி எடுத்துக்கிட்டாரு. பயலுக்கு ஒண்ணும் தெரியாது.” கடைவீதி முழுக்க அதைச் சரியாகவே புரிந்துகொண்டது. எதிர்க்கடைக்காரர் என் வாயில் கற்கண்டைத் திணித்தார்.

பதுளைக்கு ரயில் வந்து மாட்டு வண்டிகள் மறைந்துபோயின. கடை இருந்த இடத்தில் இப்போது தையல் மெஷின் விற்கிறார்கள். கோட்டைப் பூச்சியே தின்றுவிட்டது.

விண்ணப்பத்தில் ஒரு வரியையும் குறைக்க வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லி அனுப்பினேன். மாலையில் பக்கத்து வீட்டுக்காரர், “பேத்தி பேங்க் வேலைக்கு மனு போடுதாமே?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சு நிறையப் பெருமை.

“அவளுக்கு என்னங்க தெரியும்” என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “கவலப்படாதீங்க ஐயா, வேற ஏதாவது சின்ன வேல கிடைக்கும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.