தெக்தோனுக்குப் பங்காளி

அடையாள அட்டையில் என்ன வேலை என்று போடுவது? சூப்பர்வைசர் பரசுராமன் கோதண்டத்திடம் இப்படிக் கேட்டார்.

இயந்திரங்களுக்குப் பெட்டி கட்டிக் கப்பலுக்கு அனுப்பும் சின்ன கம்பெனி அது, வல்லம் வடகாலில். அங்கே பதினெட்டு வருடமாக இருக்கிறார் கோதண்டம். மரப்பெட்டி அடிப்பார். இயந்திரம் கனமென்றால் அடியில் இரும்புச் சட்டம் வெல்டு வைப்பார். ஷெட்டின் தரை பெயர்ந்தால் சிமெண்ட் பூசுவதும் அவர்தான். அட்டையில் மட்டும் முதல் நாளிலிருந்தே ‘ஹெல்பர்’.

“எல்லாருக்கும் புது கார்டு வருதுண்ணா. உன் வேல இன்னான்னு கரெக்டா சொல்லு, அடிச்சிட்றேன்.”

“எல்லா வேலையும்தாம்பா செய்யறேன்.”

“அப்பிடி ஒண்ணு லிஸ்ட்ல இல்லியே. திங்கக்கெழம யோசிச்சி சொல்லு.”

கேள்வி வீடு வரை கூடவே வந்தது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், கூடப் படித்த ஒருவர் இலையை விட்டுக் கண்ணெடுக்காமல், “இன்னும் ஹெல்பர்தானா நீ?” என்று கேட்டதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. அன்று பாயசத்தைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பென்னலூரில் தன் வீட்டு மாடி அறைக்கு ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தார். அங்கே குடியிருப்பவள் ஜெபக்கனி. சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண். வாரமெல்லாம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, லீவு நாளில் தபால் வழியில் வேதாகமப் படிப்பு. கட்டில் முழுக்கப் புத்தகங்களைப் பரப்பிப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவள், அவர் செய்வதையே பார்க்க ஆரம்பித்தாள். அவர் சட்டத்தை இழைத்தார். சுவரைக் கொத்தினார். சட்டத்தை நிறுத்திக் கலவை அப்பி ரசமட்டம் வைத்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நீங்க தச்சரா, கொத்தனாரா?”

“நீயுமா பாப்பா? நாளைக்கி கம்பெனில அத்தத்தான் சொல்லணும். தெரியாம முழிச்சிக்கினு கீறேன்!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “எனக்கும் அதே பாடுதான் அண்ணாச்சி. இயேசுவத் தச்சன்னு சொல்லுதோம்லா? மூலத்துல அது ‘தெக்தோன்’னு ஒரு கிரேக்கச் சொல்லு. மரவேலக்காரருன்னு சொல்லுதாங்க, வீடு கட்டுதவருன்னும் சொல்லுதாங்க, கல்லு வேலையும் சேத்திதான்னு சிலரு. ஒரே வார்த்தைல எப்படி எழுதன்னு ரெண்டு நாளா மண்டைய ஒடைக்கேன்.”

“தச்சன்னா மரம் மட்டும்னு யாரு சொன்னா? செல செதுக்கறவன கல்தச்சன்னுதான சொல்றோம்?”

ஜெபக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆமா, பாத்தீயளா! இது எனக்குத் தோணலையே.”

வேகமாக எழுதிக்கொண்டே அவள் சொன்னாள்: “இயேசு சொந்த ஊருக்குப் போயிப் பேசுனப்ப, ஊர்க்காரங்க எளக்காரமாத்தான் இந்த வார்த்தையச் சொன்னாங்க. இவன் நம்ம தெக்தோன்தானேன்னு.”

கோதண்டம் பூச்சுக் கரணையோடு திரும்பினார். “அவருக்கேவா?”

“அவருக்கேதான். இன்னொண்ணு கேளுங்க. நம்ம தச்சன், வடமொழித் தக்ஷன்லருந்து வந்துச்சாம். அதுக்கும் தெக்தோனுக்கும் வேரு ஒண்ணுங்காங்க.”

“அப்ப பங்காளிங்கன்னு சொல்லு!” கோதண்டம் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து மனைவி தாயாரம்மாள், “வேல நடக்குதா இன்னா அங்க?” என்று குரல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பரசுராமன் கேட்பதற்குள் கோதண்டமே சொன்னார். “தச்சன்னு அடி.”

“கார்பெண்டர்னுதாண்ணா கீது.”

“அவன் மரத்தோட நின்னுடுவான்பா. கடேசில ‘மற்றவை’ன்னு கீதே, அதுல அடி.”

பத்து நாளில் புது அட்டை வந்தது. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே ரேஷன் கடைக்கும் கிளம்பியவரைத் தாயாரம்மாள்தான் நிறுத்திக் கழற்ற வைத்தாள்.

ஜெபக்கனி தபாலில் அனுப்பியிருந்த தெக்தோன் கட்டுரையும் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால், ‘கோதண்டம் கூறுவதுபோல’ என்ற வரியைச் சுழித்துச் சிவப்பு மையில் ஒரு கேள்வி: எந்த நூல்? எந்தப் பக்கம்?

படியில் தடதடவென்று இறங்கிவந்து காட்டினாள்.

“பென்னலூரு, மாடி ரூமு, ஜன்னல் பக்கம்னு எழுதிப் போடு,” என்றார் அவர்.

அவள் அப்படியே எழுதிவிட்டு, அடுத்த பாடத்தில் வலை பழுதுபார்ப்பதைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல் வருவதாகச் சொன்னாள்.

“அதுக்குப் பழவேற்காட்டு மீன்காரங்கள்லதான் ஆளு தேடணும் பாப்பா,” என்று சொல்லிவிட்டு, கோதண்டம் மதிய ஷிஃப்டுக்கு வண்டியைக் கிளப்பினார்.